நேராகச் சொல்லாத கதைகள்

சென்னைப் புறநகரில், பொழிச்சலூரிலிருந்து பம்மல் வழியாகப் பல்லாவரம் ரயில் நிலையத்துக்குப் போகிற வழி சில கிலோமீட்டர்தான். கதை சொல்லும் முறையை மாற்றிப் பார்த்த இரண்டு பேரின் நினைவு அந்தச் சிறிய வழியில் அடுத்தடுத்து வருகிறது. ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். நாடகம் என்றாலே பாட்டு என்றிருந்த காலத்தில், பாத்திரங்கள் உரைநடையில் பேசிக்கொள்ளும் நாடகங்களை எழுதி மேடையேற்றினார். பல்லாவரத்தில் 1911இல் வந்து குடியேறிய மறைமலையடிகளை, 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர் என்று எல்லோரும் அறிவார்கள். அவர் நாவலும் எழுதினார். 1921இல் வெளிவந்த ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ முழுக்கக் கடிதங்களால் ஆன நாவல். அதைப் பற்றி இன்று அதிகம் பேசுவாரில்லை. இந்த இரண்டு முயற்சிகளும் அவற்றின் காலத்தில் புதுமையானவை. மேடையில் உரைநடை பேசுவது இன்று நமக்கு இயல்பிலும் இயல்பாகிவிட்டது; பாட்டாகவே நடக்கும் நாடகம்தான் இப்போது விசித்திரமாகப் படுகிறது. எது வழக்கமான வடிவம், எது வழக்கம் மீறிய வடிவம் என்பது காலத்தைப் பொறுத்தது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. நாவலைப் பொறுத்தவரை இந்த உண்மையை நாம் இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை.

கோகிலாம்பாள் தன் மனத்துக்குரியவனுக்குக் கடிதம் எழுதுகிறாள். அந்தக் கடிதங்களைப் படித்துத்தான் கதையை நாம் அறிய வேண்டும். இதையே ஆசிரியர் தள்ளி நின்று வழக்கம்போல் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? மூன்று விஷயங்கள் குறைந்திருக்கும். வழக்கமான கதைசொல்லிக்கு முடிவு தெரியும். நடந்து முடிந்ததைத்தான் அவர் நமக்குச் சொல்கிறார். கடிதம் எழுதுகிறவளுக்கு நாளை என்ன நடக்கும் என்று தெரியாது. அவளுடைய அச்சமும் நம்பிக்கையும் எழுதுகிற அந்த நேரத்துக்கு உரியவை. அதனால் படிக்கிற நாமும் அவளோடு சேர்ந்து தெரியாமையில் நிற்கிறோம். அடுத்தது, அன்றைய வீட்டுக் கட்டுப்பாடுகளுக்குள் இருந்த ஒரு பெண்ணுக்குத் தன் மனத்தைத் திறந்து பேசக் காகிதத்தைவிடப் பாதுகாப்பான இடம் இருந்திருக்க முடியாது. அவள் பேசக்கூடிய ஒரே இடத்தையே நாவலின் வடிவமாக ஆக்கும்போது, அவளைச் சுற்றியிருக்கும் அடைப்பைத் தனியாக விவரிக்க வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது. மூன்றாவது, கடிதம் யாருக்கோ எழுதப்படுவது. அதைப் பிரித்துப் படிக்கும்போது அந்த யாரோவின் இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். கடித நாவல் ஐரோப்பாவில் முன்பே இருந்ததுதான். சாமுவேல் ரிச்சர்ட்சனின் ‘பமேலா’ 1740இல் வந்துவிட்டது. அடிகளும் கோகிலாம்பாளுக்கு முன், 1911இல், ஆங்கில நாவலாசிரியர் ரெய்னால்ட்ஸைத் தழுவி ‘குமுதவல்லி நாகநாட்டரசி’யை எழுதியவர். வடிவம் வெளியிலிருந்து வந்திருக்கலாம். அதைச் சொல்ல வேண்டிய விஷயத்தோடு பொருத்திப் பார்த்தது இங்கே நடந்தது.

நேர்கோட்டில் போகாத நாவலைக் கண்டதும் பலருக்கு ஒரு தயக்கம் வருகிறது. புரட்டிப் பார்த்தால் நாட்குறிப்பும், கட்டுரைபோல் நீளும் பத்திகளும், முன்னும் பின்னுமாகத் தாவும் காலமும் தென்படுகின்றன. “இது நமக்கானதில்லை” என்று புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். தயக்கத்தை மீறி உள்ளே போனவர்களில் பலர் எதிர்பாராத மகிழ்ச்சியோடு வெளியே வருகிறார்கள். கடினமாக இருக்கும் என்று நினைத்தது கையில் எடுத்தால் கீழே வைக்க விடவில்லை என்கிறார்கள். இந்த வியப்புக்குக் காரணம் இருக்கிறது. நல்ல விசித்திர நாவல்கள் ஆர்வத்தைக் கைவிடுவதில்லை. அதன் இடத்தை மாற்றுகின்றன. “அடுத்து என்ன நடக்கும்” என்ற கேள்வியின் இடத்தில் “இதை யார் சொல்கிறார், ஏன் இப்படிச் சொல்கிறார், இவரை எவ்வளவு நம்பலாம்” என்ற கேள்விகள் வந்து உட்கார்கின்றன. அவற்றுக்கு விடை தேடுகிற வேலையில் ஒரு பங்கை வாசகரிடமே ஒப்படைக்கின்றன. வழக்கம் மீறிய வடிவம் வாசகரின் அறிவின்மேல் எழுத்தாளர் வைக்கும் நம்பிக்கை என்பதும், அந்த நம்பிக்கைக்குத் தமிழ் வாசகர்கள் முழுத் தகுதி உடையவர்கள் என்பதும்தான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில், நேர்கோட்டுக் கதைதான் இயல்பானது என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பெரும்பகுதி, வாரப் பத்திரிகைகளின் தொடர்கதையிலிருந்து வந்தது. ஒவ்வொரு வாரமும் ஒரு திருப்பம், அந்தத் திருப்பத்தில் ஒரு ‘தொடரும்’, அடுத்த இதழ் வரும்வரை ஒரு காத்திருப்பு என்று இரண்டு மூன்று தலைமுறைகள் கதை படிக்கப் பழகின. அது பெரிய கலைதான். வீட்டுக்கு வீடு வாசிப்பைக் கொண்டுசேர்த்தது அதுதான். ஆனால் அந்தத் தொடர்கதைகளையே கூர்ந்து பார்த்தால் அவையும் நாம் நினைப்பதுபோல் நேராகப் போனவை அல்ல. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கும்போதே ஆசிரியர் நேரடியாக வாசகர்களிடம் பேசுகிறார். காலத்தில் பின்னோக்கிப் பயணம் வரும்படி அவர்களைக் கூப்பிடுகிறார். கதையை நிறுத்திவிட்டு வரலாறு சொல்கிறார். ஒரு பாத்திரத்தை ஆபத்தில் விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுகிறார். ஐந்து பாகங்களில் எத்தனையோ பாத்திரங்களையும் கிளைக்கதைகளையும் நினைவில் வைத்துக்கொண்டு வாசகர்கள் அந்தக் கதையோடு வாழ்ந்தார்கள். அந்த நாவலை முடித்த ஒருவருக்குச் சிக்கலான கட்டமைப்பைத் தாங்கும் வலிமை இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வலிமையை அவர் அறியாமலே பயன்படுத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

இன்னும் பின்னால் போனால் சான்று வலுவாகிறது. சிலப்பதிகாரத்தைக் கண்ணகியின் கதையாக நாம் அறிந்திருக்கிறோம். காப்பியத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு அதன் கட்டமைப்பு வியப்பளிக்கும். கதை நடுவே பாட்டு வருகிறது, உரைநடை வருகிறது, வேடர்களின் வழிபாடும் ஆயர்களின் கூத்தும் மலைக்குறவர்களின் குரவையும் வருகின்றன. இவை இடைச்செருகிய அலங்காரங்கள் என்று நினைப்பவர்கள் கானல்வரியைப் பார்க்க வேண்டும். புகார்க் கடற்கரையில் கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். அவன் பாட்டில் வேறொரு பெண்ணின் நினைவு இருப்பதாக மாதவிக்குத் தோன்றுகிறது. அவள் யாழை வாங்கி, தானும் வேறொருவனை நினைப்பவள்போல் பதிலுக்குப் பாடுகிறாள். கோவலன் அதை உண்மையென்று கொண்டு பிரிந்து போகிறான். அங்கிருந்துதான் கண்ணகியிடம் திரும்புவதும் மதுரைப் பயணமும் கொலையும் எரியும் நகரமும் தொடர்கின்றன. காப்பியத்தின் மிகப் பெரிய திருப்பம் இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் நடக்கிறது. நேரடியாக யாரும் யாரையும் குற்றம் சாட்டவில்லை. பாட்டின் பொய்யுருவத்துக்குள் ஒருவரையொருவர் தவறாகப் படிக்கிறார்கள். அந்தப் பாடல்களை எடுத்துவிட்டு, ‘இருவருக்கும் மனவேறுபாடு வந்தது’ என்று ஒரு வரியில் சொல்லியிருந்தால் கதை நகரும், துயரம் நகராது. வடிவமே அங்கே கதையாகி நிற்கிறது.

1879இல் வெளிவந்த முதல் தமிழ் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திர’மும் இதே வகைதான். மாயூரம் வேதநாயகம் பிள்ளை அதில் கதைக்குள் கதையும், நீதியுரையும், நகைச்சுவைத் துணுக்கும் கலந்து எழுதினார். கதாநாயகி ஞானாம்பாள் ஆண்வேடமிட்டு ஒரு நாட்டுக்கே அரசனாகிவிடுகிறாள். ஒரே இலக்கை நோக்கி ஓடும் கதையாக அதைப் படித்தால் குறைகள்தான் கண்ணில் படும். விக்கிரமாதித்தன் கதைகளிலும் வேதாளக் கதைகளிலும் பழகிய ஒரு சமூகம் எழுதிய முதல் நாவல் அது என்று பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. தெருக்கூத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். அதில் கட்டியங்காரன் கதைக்குள்ளும் இருக்கிறான், வெளியிலும் இருக்கிறான். துரியோதனனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஊர்க்காரர்களைப் பார்த்து உள்ளூர்ச் செய்தி பேசுவான்; மறுநிமிடம் பாரதத்துக்குள் போய்விடுவான். இரவெல்லாம் உட்கார்ந்து பார்க்கும் மக்கள் யாரும் கதை உடைந்துவிட்டது என்று புகார் சொன்னதில்லை. கதை தன்னைப் பற்றித் தானே பேசுவதைப் பின்நவீனத்துவம் என்று விமர்சகர்கள் பெயரிடுவதற்கு வெகுகாலம் முன்பே நம் கிராமத்து வெளிகளில் அது நடந்துகொண்டிருந்தது. எனவே விசித்திர வடிவம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானது, நம் மண்ணுக்கு ஒட்டாதது என்ற குற்றச்சாட்டுக்கு நம் மரபே பதில் சொல்லிவிடுகிறது.

நவீன தமிழில் இந்த வாதத்துக்கு மிகச் சிறந்த சான்று சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’. 1981இல் க்ரியா வெளியீடாக வந்தது. அதற்கு முன் 1966இல் ‘ஒரு புளியமரத்தின் கதை’ என்ற, எல்லோரும் எளிதாக உள்ளே போகக்கூடிய நாவலை எழுதியவர் அவர். அடுத்த நாவலில் எல்லாவற்றையும் மாற்றினார். ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளர் 1960 ஜனவரி 5ஆம் தேதி, தம் 39ஆவது வயதில் இறந்துபோகிறார். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு கார் விபத்தில் இறந்தது அதற்கு முந்தைய நாள். காம்யு நிஜ மனிதர். அவர் இறந்த தேதியும் நிஜம். ஜே.ஜே. கற்பனை. நிஜத்தின் தேதிக்கு அருகில் கற்பனையின் தேதியை ஒட்டிவைத்த அந்த முதல் நிமிடத்திலேயே நாவல் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. பாலு என்ற தமிழ் எழுத்தாளன், தான் வியந்து போற்றும் ஜே.ஜே.யைப் பற்றித் தேடித் திரிந்து எழுதும் வாழ்க்கைக் குறிப்புகளாக முதல் பகுதி அமைகிறது. ஜே.ஜே.யை அறிந்தவர்களையெல்லாம் அவன் தேடிப் போகிறான். ஒவ்வொருவரும் ஒரு ஜே.ஜே.யைத் தருகிறார்கள். இரண்டாம் பகுதியில் ஜே.ஜே.யின் நாட்குறிப்புகள் வருகின்றன. அவற்றையும் பாலுதான் மொழிபெயர்த்துத் தருகிறான். கதைச்சுருக்கம் கேட்டால் இவ்வளவுதான் சொல்ல முடியும். காதல் கைகூடியதா, எதிரி வீழ்ந்தானா என்ற வகைத் திருப்பங்கள் இதில் இல்லை.

ஆனாலும் படிப்பவர் விடாமல் படிக்கிறார். ஏனென்றால் இந்த அமைப்புக்குள் ஓர் இழுவிசை இருக்கிறது. முதல் பகுதியில் ஜே.ஜே.யைப் பற்றி அறிவது முழுவதும் ஒரு ரசிகனின் கண் வழியாக. அவன் சொல்வதில் எவ்வளவு ஜே.ஜே., எவ்வளவு பாலு என்ற சந்தேகம் பக்கத்துக்குப் பக்கம் வளர்கிறது. நாட்குறிப்புக்கு வரும்போது முதன்முறையாக ஜே.ஜே.யின் குரலையே கேட்கிறோம். முன்பு பிறர் சொன்ன மனிதரும், தனிமையில் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் இந்த மனிதரும் ஒருவர்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை நம்மிடம் வந்துசேர்கிறது. அந்த ஒப்பீட்டை நாவல் எங்கும் நமக்காகச் செய்து தருவதில்லை. இதே கதையைப் பிறப்பு, பள்ளி, திருமணம், எழுத்து, இறப்பு என்று வரிசையாகச் சொல்லியிருந்தால் ஒரு மேதையின் வாழ்க்கை வரலாறு கிடைத்திருக்கும். ஒரு மனிதனை இன்னொருவன் எந்த அளவுக்கு அறிய முடியும் என்ற கேள்வி கிடைத்திருக்காது. எழுத்தாளர்களைத் தெய்வமாக்குவதும் மறப்பதுமாக இருக்கும் ஒரு பண்பாட்டின்மேல் அந்த நாவல் வைக்கும் விமர்சனமும் கூர்மை இழந்திருக்கும். அது வந்த காலத்திலிருந்து இன்றுவரை ஆதரித்தும் எதிர்த்தும் விவாதிக்கப்படுகிறது. ஆனால் அதற்குப் பிறகு தமிழில் நாவல் எழுத உட்கார்ந்தவர்களால், எப்படிச் சொல்வது என்ற கேள்வியை எளிதாகத் தாண்டிப் போக முடியாமல் போனது. மரணம் என்ற ஒற்றைச் சிந்தனையைச் சுற்றியே எழுதப்பட்ட சம்பத்தின் ‘இடைவெளி’ 1984இல் வந்தது. தமிழவனின் ‘ஏற்கெனவே சொல்லப்பட்ட மனிதர்கள்’ 1985இல் வந்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1972இல், நினைவின் ஓட்டத்தையே கதையாக்கி நகுலன் ‘நினைவுப்பாதை’யைத் தந்திருந்தார். ஒவ்வொன்றும் வேறு வழி.

ஒரு நாவலின் உள்ளே செய்யும் சோதனை போதாமல், மூன்று நாவல்களை வைத்துச் சோதனை செய்தவர் பெருமாள்முருகன். 2010இல் வந்த ‘மாதொருபாகன்’ அதைச் சுற்றி எழுந்த சர்ச்சையால் நாடறிந்தது. அதன் தொடர்ச்சி எப்படி எழுதப்பட்டது என்பது அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. திருச்செங்கோட்டுப் பகுதியில் வாழும் காளியும் பொன்னாவும் குழந்தை இல்லாமல் பன்னிரண்டு ஆண்டுகளாக ஊரின் வாய்க்கு ஆளாகிறார்கள். தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில் பொன்னா எடுக்கும் முடிவும், அது தெரிந்ததும் காளி அடையும் கொந்தளிப்புமாக நாவல் முடிகிறது. தொண்டுப்பட்டியின் பூவரச மரத்தடியில் இருக்கும் காளி என்ன செய்துகொள்வான் என்று நமக்குத் தெரியாது. 2014இல் அதற்கு ஒன்றல்ல, இரண்டு தொடர்ச்சிகள் வந்தன. ‘ஆலவாய’னில் காளி இறந்துவிடுகிறான், அவன் இல்லாத வாழ்க்கையைப் பொன்னா நடத்துகிறாள். ‘அர்த்தநாரி’யில் காளி உயிரோடு இருக்கிறான், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டியிருக்கிறது. இரண்டில் எது உண்மை என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டையும் படித்தவருக்கு ஒன்று விளங்குகிறது: காளி இறந்தாலும் வாழ்ந்தாலும் பொன்னா பழி சுமக்கிறாள். ஒரே முடிவைத் தந்திருந்தால், அவள் துன்பத்துக்கு அந்த முடிவுதான் காரணம் என்று நாம் சமாதானம் அடைந்திருப்போம். இரண்டு முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் பழி போய்ச் சேர வேண்டிய இடம் ஊரும் அதன் வழக்கமும்தான் என்று தெளிவாகிறது. மொழியில் எந்தச் சிக்கலும் இல்லை. கொங்கு வட்டார வாழ்க்கை கண்முன்னே எழுகிற எளிய நடை. வடிவத்தில் புதுமை என்றால் நடையில் இறுக்கம் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

உலக இலக்கியத்திலும் நிலைத்து நின்றவை இப்படிக் காரணத்தோடு கோணியவைதான். இங்கிலாந்தில் 1759 முதல் 1767 வரை ஒன்பது பகுதிகளாக வந்த லாரன்ஸ் ஸ்டெர்னின் ‘டிரிஸ்ட்ரம் ஷாண்டி’யில், ஒருவர் இறந்ததற்காக ஒரு பக்கம் முழுவதும் கறுப்பாக அச்சிடப்பட்டது, ஒரு பெண்ணின் அழகை வாசகரே வரைந்துகொள்ளட்டும் என்று ஒரு பக்கம் வெறுமையாக விடப்பட்டது. அர்ஜென்டினாவின் ஹூலியோ கோர்த்தாஸார் 1963இல் எழுதிய ‘ரயுவேலா’வில் 155 அத்தியாயங்கள். முதல் 56ஐ மட்டும் வரிசையாகப் படித்து முடித்துவிடலாம். அல்லது 73ஆம் அத்தியாயத்தில் தொடங்கி ஆசிரியர் தந்திருக்கும் பட்டியல்படி தாவித் தாவிப் படிக்கலாம். இவை எல்லாவற்றையும்விட மனத்தைத் தொடுவது பி. எஸ். ஜான்சன் 1969இல் வெளியிட்ட ‘தி அன்ஃபார்ச்சுனேட்ஸ்’. அது தைக்கப்பட்ட புத்தகமாக வரவில்லை. ஒரு பெட்டிக்குள் 27 தனித்தனிப் பகுதிகளாக வந்தது. முதலும் கடைசியும் குறிக்கப்பட்டிருக்கும். நடுவிலுள்ள 25ஐயும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் படிக்கலாம். கால்பந்தாட்டச் செய்தி எழுத ஒரு நகரத்துக்குப் போகும் நிருபருக்கு, புற்றுநோயில் இறந்துபோன நண்பனின் நினைவு அந்த நகரத்துத் தெருக்களில் எழுகிறது. இறந்தவரின் நினைவு யாருக்கும் தேதிவாரியாக வருவதில்லை. நோய்ப்படுக்கை முதலில் வரும், பிறகு கல்லூரிச் சிரிப்பு வரும், பிறகு இறுதிச் சடங்கு வரும். துக்கத்தின் அந்த ஒழுங்கின்மையை அப்படியே வாசகர் கையில் கொடுக்கப் பெட்டியைவிடப் பொருத்தமான வழி ஜான்சனுக்குத் தெரியவில்லை.

இனி எதிர்வாதங்கள். முதலாவது மிக நியாயமானது: விசித்திரமாக எழுதப்படும் நாவல்களில் பல வெறும் வித்தைதானே, சொல்ல ஒன்றும் இல்லாததை மறைக்கக் கட்டமைப்பைக் குழப்புகிறார்களே என்ற கேள்வி. உண்மைதான். 1990களில் தமிழில் எழுந்த சோதனை நாவல் அலையில் நின்றவை சில, கரைந்தவை பல. புரியாதது எல்லாம் ஆழமானது என்று நம்பவைக்கிற போக்கும் அப்போது இருந்தது. ஆனால் நேர்கோட்டு நாவல்களிலும் கரைந்தவைதான் அதிகம். யாரும் அதற்காக நேர்கோட்டைக் குறை சொல்வதில்லை. தேவை ஓர் உரைகல். அதை எந்த வாசகரும் தாமே பயன்படுத்தலாம்: இந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நேராகச் சொன்னால் எது காணாமல் போகும்? பாடல்களை எடுத்தால் கானல்வரியின் துயரம் போகிறது. நாட்குறிப்பை எடுத்தால் ஜே.ஜே.யைப் பற்றிய ஐயம் போகிறது. ஒரு முடிவை நீக்கினால் பொன்னாவுக்குக் கிடைத்த நியாயம் போகிறது. இப்படி ஒன்றும் போகவில்லை, நேராகச் சொன்னாலும் அதே கதைதான் என்றால் அந்த வடிவம் ஒப்பனை மட்டுமே. அந்தப் புத்தகத்தை மூடிவைக்க வாசகருக்கு முழு உரிமை உண்டு. இந்த உரைகல்லைப் பயன்படுத்தப் பட்டம் எதுவும் வேண்டாம்.

இரண்டாவது எதிர்வாதம் நேரம் பற்றியது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் தவிக்கிற சாதாரண மனிதர் படிப்பதே இளைப்பாறத்தான், அவரிடம் புதிர் போடலாமா என்கிறார்கள். புறநகர் வாழ்க்கையை அறிந்தவர்கள் இதை அலட்சியப்படுத்த முடியாது. 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து கடற்கரை–தாம்பரம் தடத்தின் அன்றாடத்தை அலுவலக நேரம்தான் தீர்மானிக்கிறது. பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ ஏறுகிறவருக்கு உட்கார இடம் கிடைத்தால் அரை மணி நேரம் படிக்கலாம். அப்படித் துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரத்துக்குக் குறிப்புகளாலும் கடிதங்களாலும் ஆன நாவல் மிக நன்றாகப் பொருந்துகிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. ஒரு கடிதம் ஒரு பயணத்தில் முடிகிறது. ஒரு நாட்குறிப்பு இரண்டு நிலையங்களுக்கு நடுவில் முடிந்து, மிச்சப் பயணத்துக்கு யோசிக்க எதையாவது விட்டுச்செல்கிறது. புரியுமா என்ற ஐயத்துக்குத் திரையரங்கமே பதில். ஒரே கொலையைப் பலர் பலவாறு சொல்லும் ‘அந்த நா’ளை எஸ். பாலசந்தர் 1954இலேயே, ஒரு பாட்டும் இல்லாமல் எடுத்தார். ஒரே நிகழ்ச்சியை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும் ‘விருமாண்டி’யை 2004இல் தமிழ் மக்கள் திரளாகப் பார்த்தார்கள். யார் சொல்வது பொய் என்று கண்டுபிடிக்க யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. திரையில் இயல்பாக வருகிற அந்தக் கூர்மை புத்தகத்தைத் திறந்ததும் காணாமல் போய்விடாது.

மூன்றாவது எதிர்வாதம்: கதைக்கான பசி மனிதருக்கு இயற்கையானது, அதை ஏன் பட்டினி போட வேண்டும்? போடக் கூடாது. நேராகச் சொன்ன கதைகளில் தமிழின் மிகச் சிறந்த நாவல்கள் இருக்கின்றன. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளையும் நீல. பத்மநாபனின் ‘தலைமுறைக’ளையும் வைத்துக்கொண்டு யாரும் நேர்கோட்டைத் தாழ்வாகப் பேச முடியாது. அவற்றில் சொல்ல வேண்டிய விஷயம் நேரான வடிவத்தையே கேட்டது. ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக எப்படி மாறுகிறது என்பதைக் காட்டக் காலவரிசையே துணை. விசித்திர வடிவத்தை உயர்வென்றும் நேர்கோட்டைத் தாழ்வென்றும் பிரிக்கிற மனப்பான்மை, அதற்கு நேரெதிரான மனப்பான்மையைப் போலவே தவறானது. விஷயம் எந்த வடிவத்தைக் கேட்கிறதோ அந்த வடிவத்தில் எழுதும் துணிவு எழுத்தாளருக்கு வேண்டும். அந்தத் துணிவுக்கு ஒரு வாய்ப்புத் தரும் பெருந்தன்மை வாசகருக்கு வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இலக்கியம் ஒரே அச்சில் வார்த்ததாகிவிடும்.

இந்த வாய்ப்பை எப்படித் தருவது? முதல் முப்பது நாற்பது பக்கங்களுக்கு எல்லாம் புரிந்தாக வேண்டும் என்ற பதற்றத்தை விட்டுவிட வேண்டும். தெரியாத பெயர் வந்தால் அங்கேயே நின்றுவிடாமல் கடந்து போக வேண்டும். முக்கியமானது என்றால் அது மீண்டும் வரும். யார் சொல்கிறார் என்பதை மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் மூடிவிடலாம். கையில் காசு கொடுத்து வாங்கத் தயக்கமாக இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம், இந்திய மாகாணங்களில் முன்னோடியானது. அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. பொழிச்சலூரிலோ பம்மலிலோ அனகாபுத்தூரிலோ வீட்டு வரி கட்டுகிற குடும்பம் ஒவ்வொன்றும் நூலகங்களுக்குத் தன் பங்கைச் செலுத்துகிறது. எனவே கிளை நூலகத்தில் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ இருக்கிறதா, ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ கிடைக்குமா என்று கேட்பதும், இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்வதும் நம் உரிமை. வாசகர்கள் கேட்காத புத்தகத்தை நூலகம் வாங்காது. விற்காத புத்தகத்தைப் பதிப்பாளர் மறுபதிப்புச் செய்யமாட்டார். வரவேற்பில்லாத வடிவத்தை அடுத்த எழுத்தாளர் முயன்று பார்க்கமாட்டார். பல்லாவரத்திலிருந்து ஒரு தமிழறிஞர் கடிதங்களாலேயே ஒரு நாவலை எழுதி நூறாண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அடுத்த புதிய வடிவம் இந்தப் புறநகரின் ஏதோ ஒரு வீட்டிலிருந்து வரக்கூடும். அது வரும்போது படித்துப் பார்த்து, நல்லதென்றால் ஏற்று, வித்தை மட்டும் என்றால் தயங்காமல் ஒதுக்கத் தெரிந்த வாசகர்கள் தயாராக இருக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு இன்றே எடுத்துப் படிக்கத் தமிழில் புத்தகங்கள் இருக்கின்றன.